பண்ருட்டிக் கல்லுக்குக் கடலூர்ப் பெயர்

அன்புள்ள பண்ருட்டி வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய பொட்டலம் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் அதை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து, "மிளகாய்த்தூளா சார்? பையெல்லாம் கொட்டியிருக்கு" என்றார். பிரித்துப் பார்த்தால், உங்கள் கடிதத்தில் 'கையளவுக் கல்' என்று இருந்தது மூன்று துண்டும் ஒரு பிடி செம்மணலுமாகக் கிடந்தது. இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அது உடைந்து வந்ததே அந்தக் கல்லைப் பற்றிய முதல் செய்தி. என் நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதிவைத்தேன்: 'விரலால் நெருடினால் உதிர்கிறது. தபாலுக்குத் தாங்கவில்லை.'

உங்கள் கேள்வியில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. முந்திரித் தோப்பில் போர் போட்டபோது நிலத்தடி நீர் பார்க்க வந்தவர் எழுதிக் கொடுத்த தாளில் 'கடலூர் மணற்கல்' என்று இருந்ததாம். 'கல் எங்கள் தோப்பில், செலவு என்னுடையது, பெயர் மட்டும் கடலூருக்கா? இதை யார் வைத்தார்கள், எந்த உரிமையில் வைத்தார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நிலவியல் படித்தவர்களே இதைக் கேட்காமல் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறோம்.

முதலில் ஒரு எதிர்க்கேள்வி. உங்கள் ஊர்ப் பலா உலகத்துக்கே தெரியும். ஆனால் பண்ருட்டி கடைத்தெருவில் எத்தனை பலாமரம் நிற்கிறது? பழம் காய்ப்பது காடாம்புலியூர்ப் பக்கத்துத் தோப்புகளிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும். மண்டி இருப்பது பண்ருட்டியில். அதனால் பண்ருட்டிப் பலா. காடாம்புலியூர்க்காரர் ஒருவர் உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, 'மரம் எங்களுடையது, பெயர் மட்டும் உங்களுக்கா?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்களோ, கடலூர்க்காரர்கள் உங்களுக்குச் சொல்லும் பதிலும் ஏறக்குறைய அதுதான்.

இனி வைத்தவர் கதை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கியது. நிலக்கரி எங்கே கிடைக்கும் என்பதுதான் அப்போது கம்பெனி அரசின் பெரிய கவலை. அந்தத் துறையில் 1855இல் அண்ணனும் தம்பியுமாக இருவர் சேர்ந்தார்கள்: வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு. இவர்களில் தம்பி ஹென்றிதான் தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை வரைபடமாக்கியவர். அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில், டைனோசர்கள் இருந்த கிரிட்டேசியஸ் காலத்துப் பாறைகளை அவர் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று குழுக்களாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாறைகளுக்கு மேலே, வயதில் இளையதாக, சிவந்து, சிப்பியோ நத்தையோ எதுவும் இல்லாமல் ஒரு மணற்கல் பரவிக் கிடந்தது. 1860களில் வெளியான அறிக்கையில் அவர் அதற்குக் கொடுத்த பெயர்தான் உங்கள் தாளில் இருப்பது. கடலூர் அன்று தென்னாற்காட்டின் தலைநகர். ஊருக்குத் தென்மேற்கே, கெடிலத்துக்குத் தெற்கே, கேப்பர் மலையில் அந்தக் கல் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இப்போது மத்தியச் சிறை இருக்கும் அதே மேடு. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று தோண்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஆற்று வண்டலும் கடற்கரை மணலும்தான். பெயருக்குக் காரணமான கல்லைப் பார்க்க ஊரைவிட்டு வெளியே வர வேண்டும். பண்ருட்டிப் பலாவின் கதையேதான்.

இந்த ஹென்றி பிளான்ஃபோர்டைப் பற்றி இன்னொரு செய்தி. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிறகு வானத்தைப் பார்க்கப் போய்விட்டார். 1875இல் இந்திய அரசின் முதல் வானிலை அதிகாரி ஆனார். இமயமலைப் பனிக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டு என்று 1884இல் எழுதியவர் அவர்தான். உங்கள் தோப்புக்கு அடியில் இருக்கும் கல்லுக்கும் மேலே பெய்யும் மழைக்கும் ஒரே ஆள் கணக்கு எழுதியிருக்கிறார் என்பது எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

சரி, ஊர்ப் பெயரை ஏன் வைக்க வேண்டும்? நிறத்தை வைத்தே கூப்பிடக் கூடாதா? கூப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பிரிட்டனில் நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே இருந்ததைப் 'பழைய சிவப்பு மணற்கல்' என்றும், மேலே இருந்ததைப் 'புதிய சிவப்பு மணற்கல்' என்றும் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் கல்லுடைத்துப் பிழைத்த ஹியூ மில்லர், பழையதில் கிடைத்த மீன் புதைபடிவங்களை வைத்து அந்தப் பெயரிலேயே 1841இல் ஒரு புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார். நடுவில் நிலக்கரி இருந்தவரை இந்த முறை ஓடியது. நிலக்கரி இல்லாத இடத்தில் ஒரு சிவப்புக் கல்லைப் பார்த்தால் அது பழையதா, புதியதா? பதில் சொல்ல வழியில்லை. சிவப்பு உலகமெங்கும் இருக்கிறது, கேப்பர் மலை ஒன்றுதான் இருக்கிறது.

அதனால் இன்றைய விதி எளிமையானது. முன்னால் ஊர், பின்னால் கல். நம்மவர்கள் ஊரை முன்னால் போட்டுத் திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. ஊர் வரைபடத்தில் இருக்க வேண்டும். ஒரு ஊரின் பெயரை ஒரு பாறைக்கு வைத்துவிட்டால் அதே பெயரை வேறொன்றுக்கு வைக்கக் கூடாது. முதலில் வைத்தவர் பெயருக்கே முன்னுரிமை. ஊர் பிறகு பெயரை மாற்றிக்கொண்டாலும் பாறை மாற்றிக்கொள்ளாது. திருச்சிராப்பள்ளிக் குழு ஆங்கிலத்தில் இன்னும் 'டிரிச்சினோபொலி'தான். தென்னாற்காடு மாவட்டத்தை 1993இல் இரண்டாகப் பிரித்தார்கள். மணற்கல் பிரியவில்லை. ஊர்ப் பெயரை வைப்பதாவது பரவாயில்லை, பல்லாவரத்துப் பாறை ஒன்றுக்குக் கல்கத்தாக்காரர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை அந்த வகைக் கல்லில் செய்யப்பட்டிருந்ததால் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். அதோடு ஒப்பிட்டால் உங்களுக்கு நேர்ந்தது ஒன்றுமே இல்லை.

பெயர் வைப்பது ஒரு நாள் வேலை. கல்லை விவரிப்பதுதான் பாடு. நான் மாணவனாக இருந்தபோது களப்பயணத்தில் என் நோட்டில் 'சிவப்பு மணற்கல்' என்று எழுதி மூடிவிட்டு நிழலுக்குப் போய்விட்டேன். ஆசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்தார். 'சிவப்பு' என்ற சொல்லை வட்டமிட்டு, "எந்தச் சிவப்பு? செங்கல்லா, குங்குமமா, வெற்றிலைச் சாறா?" என்று கேட்டார். திரும்பப் போய்ப் பார்க்கச் சொன்னார். அன்றைக்குக் கோபமாக இருந்தது. நான் கண்ட கல்லை, என்னை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் நூறு வருஷம் கழித்து என் எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடிப் பிடிக்க வேண்டும். அதற்காக எழுதுவதுதான் வர்ணனை என்பது பிறகுதான் புரிந்தது. அழகாக எழுதுவது அதில் சேராது.

ஆகவே உங்கள் கல்லை முறைப்படி பார்த்துவிட்டேன். எழுதியதை அப்படியே சொல்கிறேன்.

மூன்று துண்டில் பெரியது எலுமிச்சம்பழ அளவு. உலர்ந்தபோது செம்பழுப்பு. பாறை நிற அட்டையில் 10ஆர் 4/6 என்ற கட்டத்துக்கு அருகே வருகிறது. ஈரத்தில் ஒரு படி கருத்துவிடுகிறது. அதனால் எந்த நிலையில் பார்த்தோம் என்பதையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் வெளிறிய மஞ்சள் திட்டு, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் மாதிரி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் மணிகள் கண்ணாடித் துண்டுகளாக மினுங்குகின்றன. குவார்ட்ஸ். ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய சிவப்புப் பூச்சு. துருதான், வேறொன்றுமில்லை. அந்த இரும்புத் துருவே மணியையும் மணியையும் ஒட்டும் பசை. பசை குறைச்சல், ஆகவேதான் தபால்காரர் பை சிவந்தது.

மணிகளின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை இருந்தால் மணல். அதற்கு மேலே போனால் பரல், கீழே போனால் வண்டல், அதற்கும் கீழே களிமண். உங்கள் துண்டில் பெரும்பாலும் நடுத்தர மணல். ஆனால் நடுநடுவே பருத்த மணியும், ஓரத்தில் மிளகளவுக் கூழாங்கல் ஒன்றும் இருக்கின்றன. எல்லாம் கலந்து கிடக்கிறது. காற்று சலித்துப் போட்ட மணலில் இந்தக் கலப்பு இருக்காது. வெள்ளம் கொண்டுவந்து கொட்டியதில் இருக்கும். மணிகளின் மூலைகள் முழுசாக மழுங்கவில்லை. ரொம்பத் தூரம் உருண்டு வந்தவை இல்லை.

மஞ்சள் திட்டு வண்டலா களிமண்ணா என்று சந்தேகம் வந்தது. இதற்கு நாங்கள் செய்யும் சோதனையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். நறநறத்தால் வண்டல், வெண்ணெய் போல வழுக்கினால் களிமண். உங்களுடையது வழுக்கியது. சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, காலையில் நான் இட்லிக்குக் குறை சொன்னதை நினைவுபடுத்தினாள்.

கடைசியாக நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். நுரைக்கவில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரிப் பொங்கியிருக்கும்.

இரண்டாவது துண்டு வேறு சாதி. இரும்பு மாதிரிக் கனக்கிறது, தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, நகம் இறங்கவில்லை. அது செம்புரைக்கல். நீங்கள் மேலிருந்து எடுத்திருப்பீர்கள். சரியா? இந்த இடத்தில்தான் விவரிப்பவனுக்குத் தலைவலி தொடங்குகிறது. ஒரு பாறைத் தொகுதிக்குப் பெயர் வைக்கிறோம் என்றால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லியாக வேண்டும். அடிப்பக்கம் சிக்கல் குறைவு. சில இடங்களில் மணற்கல் கிரிட்டேசியஸ் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சில இடங்களில் அதையும் தாண்டி மிகப் பழைய நைஸ் பாறையின் மேலேயே படிந்திருக்கிறது. நடுவில் கோடிக்கணக்கான ஆண்டுகளின் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகம் அது. கோடு எங்கே என்பதில் சண்டை வராது. மேல்பக்கம் அப்படி இல்லை. செம்புரைக்கல் தனியாக வந்து படிந்த அடுக்கு இல்லை. அதே மணற்கல்தான் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, கரைவதெல்லாம் கரைந்துபோய், இரும்பு மட்டும் தங்கி இறுகியது. மணற்கல் எந்தச் சாணில் முடிந்து செம்புரைக்கல் எந்தச் சாணில் தொடங்குகிறது? பால் எந்த நிமிஷத்தில் தயிராகிறது என்று கேட்கிற மாதிரி. நான் பார்த்த வரைபடங்கள் ஒவ்வொன்றும் இந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித்தான் போட்டிருக்கின்றன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

'மணற்கல்' என்ற பின்பாதிப் பெயரிலும் வில்லங்கம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் அதிகதூரம் போக வேண்டாம், நெய்வேலிச் சுரங்கத்துப் பார்வை மேடையில் நின்றால் போதும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டப்போய்க் கறுப்பாக ஏதோ வந்ததே, அந்தப் பழுப்பு நிலக்கரி இந்தக் கடலூர் அடுக்குகளோடு சேர்ந்ததுதான். 1956இல் சுரங்க நிறுவனம் தொடங்கி, 1957இல் நேரு வந்து வெட்டத் தொடங்கிவைத்து, 1961இல்தான் கரி கண்ணில் பட்டது. மேலே அவ்வளவு மண். இடத்துக்கு இடம் 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர்வரை. அந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள்: மணற்கல், களிமண், மறுபடி மணல், வெள்ளைக் களி, நடுவே கரி, கரிக்கு அடியில் தண்ணீர் நிறைந்த மணல். அந்தத் தண்ணீர் மேல்நோக்கி முட்டுகிற அழுத்தத்தில் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும் என்பதால் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனையையும் 'மணற்கல்' என்ற ஒரே சொல்லில் அடைப்பது, கூட்டாஞ்சோற்றை உப்பு என்று சொல்வது போல. அதனால்தான் பலர் இப்போது 'கடலூர் ஃபார்மேஷன்' என்கிறார்கள். ஃபார்மேஷன் என்றால் வரைபடத்தில் தனியாகக் காட்டக்கூடிய ஒரு பாறைத் தொகுதி, உள்ளே பல கல் இருக்கலாம். உங்கள் தாளை எழுதியவர் பழைய பெயரையே எழுதியிருக்கிறார். எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

உங்கள் போரில் தண்ணீர் ஏன் அந்த ஆழத்தில் அப்படி ஊறியது என்று கேட்டிருந்தீர்கள். பசை குறைந்த மணற்கல்லில் மணிகளுக்கு நடுவே இடம் அதிகம், தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. அடுக்குகள் எல்லாம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. மேற்கே உங்கள் பக்கத்து மேட்டில் விழுந்து இறங்கும் மழை, அந்தச் சாய்வில் கிழக்கே போகிறது. உங்கள் தோப்பில் முந்திரி வேரூன்றி நிற்பதற்கும் இதுவே காரணம்: தண்ணீர் தேங்காத, ஆழமாக இறங்கும் செம்மண்.

வயதைக் கேட்டீர்கள். அதற்கு முன் திருவக்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டம், வக்கிரகாளியம்மன் கோயில் இருக்கும் ஊர். அங்கே இதே மணற்கல்லில் கல்மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781இலேயே பார்த்து எழுதிவைத்தார். 1940இல் அதைப் புவியியல் துறை பூங்காவாக்கியது. ஏறக்குறைய 200 மரங்கள். திருமால் கொன்ற வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வார்கள். நேரில் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. ஒரு மரத்தின் பக்கத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்திருக்கிறேன். கணு இருக்கிறது, பட்டை உரிந்த தடம் இருக்கிறது, வளையம் எண்ணலாம். கை வைத்தால் மட்டும் சில்லென்று கல். மண்ணுக்குள் புதைந்த மரத்தில் நீரோடு வந்த சிலிக்கா செல் செல்லாகப் புகுந்து உட்கார்ந்துகொண்டது. வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. எல்லாம் கிடையாகக் கிடக்கின்றன. அங்கேயே வளர்ந்த காடு அது இல்லை. எங்கோ வெள்ளம் பெயர்த்து அடித்துக்கொண்டு வந்து போட்ட மரங்கள். உங்கள் துண்டில் கலந்து கிடக்கும் பருமணலும் கூழாங்கல்லும் சொல்வது அதே வெள்ளத்தைத்தான்.

பூங்காவில் 2 கோடி ஆண்டு என்பார்கள். மயோசீன் காலம் என்பது பழைய கணக்கு. நெய்வேலிக் கரியில் உள்ள மகரந்தத்தைப் பார்த்த சிலர், அது அதைவிட மூத்தது, இயோசீன் என்றார்கள். அதாவது மூன்று கோடி ஆண்டுக்கும் மேலே. வாதம் பல வருஷமாக நடக்கிறது. கேட்டதும் உங்களுக்கு, 'வயதே தெரியாத பிள்ளைக்கா பெயர் வைத்தார்கள்?' என்று தோன்றும். அதுதான் இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் என்பேன். பாறைத் தொகுதியின் வரையறையில் வயதைச் சேர்ப்பதில்லை. கல் என்ன, எங்கே இருக்கிறது, மேலே என்ன, கீழே என்ன, எவ்வளவு கனம் என்பதுதான் வரையறை. வயது, அது பற்றிய நம்முடைய கருத்து. கருத்து நாளை மாறும். வயதை வைத்துப் பெயர் வைத்திருந்தால் ஒவ்வொரு மகரந்த ஆராய்ச்சிக்குப் பிறகும் மாவட்டத்தின் எல்லா வரைபடத்தையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கல்மரம் என்றதும் பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் மரத்தையும் இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது டைனோசர்கள் இருந்த கிரிட்டேசியஸ் காலத்து மரம், திருச்சிராப்பள்ளிக் குழுப் பாறையில் கிடைத்தது. இரண்டும் கல்மரம்தான். எந்தப் பாறையிலிருந்து வந்தது என்ற ஒரு வரி இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே காட்டில் நட்டுவிடுவோம். கேரளத்து வர்க்கலைக் கடற்பாறையும் பார்வைக்கு உங்கள் கல்லின் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அதற்கு வர்க்கலை என்றே தனிப் பெயர். நடந்துபோய் அடுக்கைத் தொடர்ந்து பார்க்க முடியாத இடத்துக்குப் பெயரைக் கொண்டுபோகக் கூடாது என்பது நல்ல பழக்கம்.

ஆக, பெயர் கடலூருடையதாகவே இருக்கட்டும். ஆனால் உங்களுக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. தொகுதிக்குள்ளே தனித்துத் தெரியும் ஒரு அடுக்கை யாராவது முறைப்படி அளந்து, விவரித்து, நல்ல வெட்டுமுகத்தை மாதிரியாகக் காட்டி வெளியிட்டால், அதற்கு உட்பிரிவுப் பெயராக ஒரு ஊரைச் சூட்டலாம். உங்கள் போர் துளையில் எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் கூழாங்கல் என்று போர் வண்டிக்காரர்கள் குறித்துவைத்தார்களா? வைத்திருந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு ஒரு நகல் வேண்டும்.

இன்னொரு துண்டும் அனுப்புங்கள், இந்த முறை தேங்காய் நாருக்குள் வைத்துப் பெட்டியில். போர்த் துளையிலிருந்து வந்த தூள் வேண்டாம். தோப்பில் ஏதாவது பள்ளத்தின் பக்கவாட்டிலிருந்து பெயர்த்த கல்லாக இருக்கட்டும். பெயர்ப்பதற்கு முன்னால், அது மண்ணில் இருக்கும்போதே, எது மேல்பக்கம் என்று அழியாத மார்க்கர் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். வடக்கு எது என்று இன்னொரு குறி. இந்த இரண்டும் இருந்தால் அந்த ஆறு எந்தப் பக்கத்திலிருந்து வந்து உங்கள் தோப்பில் மணலைக் கொட்டியது என்று ஒருவேளை சொல்லிவிடலாம்.

அன்புடன்.